சளியின் நிறம்

என் மேசையில் ஸ்டெதாஸ்கோப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு அடுக்கு வெள்ளைப் பேப்பர் கப் இருக்கும். பந்தியில் பாயசம் ஊற்றித் தருவார்களே, அந்த மாதிரி கப். புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸ் பெண்கள் முதல் நாளே கேட்டுவிடுவார்கள்: “இதுல துப்பச் சொல்லி லேபுக்கு அனுப்பணுமா சார்?”

“லேபுக்கு வேண்டாம்மா. ஜன்னலுக்குக் கொண்டு வா” என்பேன்.

கிளினிக்கின் கிழக்கு ஜன்னலில் காலை வெயில் பத்தரை மணி வரை விழும். டியூப்லைட்டில் சளியின் நிறம் ஏமாற்றும், வெயிலில் ஏமாற்றாது. கப்பைச் சாய்த்துப் பார்ப்பேன். முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிவாக இருக்கிறதா, வடிகஞ்சி போல மங்கலாக இருக்கிறதா, இளமஞ்சளா, பாசிப்பச்சையா? நூலாக இழுபடுகிறதா, கட்டியாக உட்கார்ந்திருக்கிறதா? ஆத்தூரில் நெஞ்சுநோய் மருத்துவராக உட்கார்ந்து 22 வருடம் ஆகிறது. எக்ஸ்ரே எடுப்பதற்கும் நெபுலைசர் வைப்பதற்கும் ஆள் இருக்கிறார்கள். இந்த அரை நிமிட வேலையை மட்டும் நான் யாரிடமும் விட்டதில்லை.

நாள்பட்ட நுரையீரல் நோயை உள்ளே இருந்து நடத்துபவை அழற்சிப் புரதங்கள். அவற்றில் வெறும் கண்ணுக்குத் தெரிவது எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது அந்தக் கப்பில் இருக்கிறது. சளி பச்சையாக வந்தால் அது கிருமியின் நிறம் என்று ஊரில் நினைக்கிறார்கள். படிக்கிற காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அது நம்முடைய சொந்த வெள்ளணுவின் நிறம். நியூட்ரோபில் என்ற வெள்ளணுவுக்குள் மயலோபெராக்ஸிடேஸ் என்றொரு புரதம் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அணுவின் உலர்ந்த எடையில் 5 சதவீதம் வரை அதுதான். அதிலுள்ள இரும்பு சேர்ந்த பகுதிதான் அதற்குப் பச்சை நிறம் தருகிறது. 1941-ல் ஸ்வீடன்காரரான ஆக்னர் அதைப் பிரித்தெடுத்தபோது, பச்சையைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து ‘வெர்டோபெராக்ஸிடேஸ்’ என்றுதான் முதலில் பெயர் வைத்தார். ஆக, கப்பில் பச்சை ஏற ஏற, அத்தனை நியூட்ரோபில்கள் மூச்சுக்குழாய்க்குள் வந்து உடைந்திருக்கின்றன என்று கணக்கு.

அவற்றை யார் கூப்பிட்டது? என் தொழில் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து ஒரு ஆயா வருகிறார். அறுபதைத் தாண்டியவர். வெற்றிலை உண்டு, பீடி கிடையாது. தை பிறந்து மஞ்சள் தோண்டத் தொடங்கினால் பங்குனி வரை அவருக்குக் கொப்பரைதான் உலகம். நாற்பது வருடம், கொப்பரையின் அடியில் காய்ந்த மஞ்சள் தழையையும் விறகையும் தள்ளித் தள்ளி மஞ்சள் வேகவைத்தவர். மற்ற மாதங்களில் வீட்டுக்குள் விறகடுப்பு. முதல் நாள் அவர் சொன்னது: “மூச்சு உள்ள போவுது சாமி, வெளிய வரமாட்டேங்குது.” ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதச் சொல்லி நான் காகிதத்தில் வரைந்தெடுத்த வளைகோடும் அதைத்தான் சொன்னது.

புகையின் நுண்துகள் மூச்சுக்குழாயின் உட்தோலில் படிகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் மேக்ரோபேஜ் அணு அதை விழுங்குகிறது. விழுங்கியதைச் செரிக்க முடியாமல், அணுவுக்குள் என்.எஃப். கப்பா-பி என்ற சுவிட்ச் விழுகிறது. அதன் பிறகு அணு வரிசையாகத் தூதுப் புரதங்களைத் தயாரித்து வெளியே அனுப்புகிறது. அதில் இன்டர்லூகின்-8 என்பது 1987-ல் அடையாளம் காணப்பட்டது. 72 அமினோ அமிலங்களை மட்டும் கோத்த பொடிப் புரதம். அதன் வேலை நியூட்ரோபில்லைக் கூப்பிடுவது. சிந்திய சர்க்கரையைத் தேடி எறும்பு வருவது போல, ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் நியூட்ரோபில் குழாய்ச் சுவரைப் பிதுக்கிக்கொண்டு வெளியேறி, இந்தப் புரதம் எங்கே அடர்த்தியோ அந்தப் பக்கமாக நகர்கிறது.

வந்த விருந்தாளி வெறும் கையோடு வருவதில்லை. கிருமியை அறுத்துப் போடுவதற்காக எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கொண்டு வருகிறது. அது என்ன செய்யும் என்று நோயாளிகளிடம் சொல்ல நான் பப்பாளிக்காயைத்தான் எடுப்பேன். முற்றிய ஆட்டுக்கறி வேகாவிட்டால் குழம்பில் ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுகிறோம் அல்லவா? கறியைப் பஞ்சாக்குவது பப்பாளிப் பாலிலுள்ள பப்பெயின். 1965-ல் அமெரிக்காவில் கிராஸ் என்பவரும் கூட்டாளிகளும் அதே பப்பெயினை எலிகளின் நுரையீரலில் செலுத்திப் பார்த்தார்கள். காற்றறைகளின் சுவர் கரைந்து, பீடி குடித்தவரின் நுரையீரல் போலப் பெரிய பெரிய ஓட்டைகளாகிவிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1963-ல், ஸ்வீடனின் மால்மோ நகரில் லாரெல், எரிக்சன் என்ற இருவர் சுமார் 1,500 ரத்த மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஐந்தில் மட்டும் ஒரு புரதக் கோடு காணாமல் போயிருந்தது. அந்த ஐந்து பேரில் மூன்று பேருக்கு இளம் வயதிலேயே நுரையீரல் ஓட்டையாகியிருந்தது. காணாமல் போனது ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்ஸின். எலாஸ்டேஸின் வாயைக் கட்டுகிற புரதம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். அறுக்கிற புரதமும் தடுக்கிற புரதமும் தராசின் இரண்டு தட்டுகள். பிறவியிலேயே தடுப்பு இல்லாதவர்கள் நம் பக்கம் அரிது. ஆனால் புகை இரண்டு தட்டிலும் கை வைக்கிறது: அறுப்பவனை அழைத்து வருகிறது, தடுக்கும் புரதத்தையும் ஆக்சிஜனேற்றம் செய்து முடக்கிவிடுகிறது. நம் நுரையீரலில் சுமார் 48 கோடிக் காற்றறைகள். அவற்றைச் சுற்றியுள்ள எலாஸ்டின் நார்தான் இழுத்த மூச்சைத் திரும்பத் தள்ளுகிறது. நார் அறுந்தால், எலாஸ்டிக் போன பாவாடை இடுப்பில் நிற்காதது போல, காற்று உள்ளேயே தங்கிவிடும். ஆயாவின் வாக்கியத்துக்கு உரை இவ்வளவுதான்.

சேகோ ஆலையில் திப்பி காயவைக்கும் களத்தில் வேலை பார்த்த ஒருவர் கேட்ட கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. “பீடியை விட்டு எட்டு வருஷம் ஆச்சு சார். இன்னும் ஏன் சளி கட்டுது?” நியாயமான கேள்வி. பீடியை நிறுத்தியவர்களின் மூச்சுக்குழாயிலிருந்து திசு எடுத்துப் பார்த்தவர்கள், வருடங்கள் கழித்தும் அழற்சி அங்கேயே இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஒரு காரணம், அறுந்த எலாஸ்டின் துண்டுகளே தூதாக மாறி மறுபடியும் அணுக்களைக் கூப்பிடுகின்றன. விருந்துக்கு வந்தவர்கள் உடைத்த பாத்திரத்தின் சத்தமே அடுத்த கூட்டத்துக்கு அழைப்பாகிவிடுகிறது. அப்படியானால் விட்டதில் என்ன லாபம்? லண்டனில் 792 ஆண்களை எட்டு வருடம் தொடர்ந்து பார்த்து ஃபிளெட்சரும் பீட்டோவும் 1977-ல் எழுதியதை அவருக்குச் சொன்னேன். புகையால் போன மூச்சு திரும்பாது. ஆனால் நிறுத்திய நாளிலிருந்து, இனிமேல் குறைவது புகைக்காதவருக்குக் குறையும் வேகத்துக்கு வந்துவிடும். “போனது போச்சுன்னு விட்டுட்டு, இருக்கறதைக் காப்பாத்திக்கச் சொல்றீங்க” என்றார். ஆமாம் என்றேன்.

கல்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் நடுவில் கிடக்கிறது ஆத்தூர். மார்கழிக் காலையில் பனியும் அடுப்புப் புகையும் கலந்து தாழ்வாக நிற்கும். இந்தப் பக்கம் மக்காச்சோளம் அடிக்கும் தூசி. நாமக்கல் பக்கம் போனால் கோழிப்பண்ணைத் தூசி. இவற்றில் பாக்டீரியாவின் மேலோட்டிலிருந்து உதிரும் எண்டோடாக்சின் கலந்திருக்கும். புகை போடுகிற அதே சுவிட்சை அதுவும் போடும். பீடி குடிக்காதவர்க்கு இந்த நோய் வராது என்ற எண்ணம் இங்கே செல்லாது. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைப் போரூர் ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தார் பரிசோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். 2.44 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அடுப்படியில் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பவர்களிடம் இன்னும் அதிகம். நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் 2016-ல் 5.53 கோடிப் பேர் என்று ஒரு கணக்கு. 1990-ல் அது 2.81 கோடி.

இனி என் தவறுகளுக்கு வருகிறேன்.

கோழிப்பண்ணையில் இருபது வருடம் வேலை செய்தவர் ஒருவர். அவருக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்ற ஆசையில், “உங்க நெஞ்சுல சில புரதம் அதிகமாயிடுச்சு, அதனால வர்ற தொந்தரவு இது” என்றேன். அடுத்த மாதம் வந்தார். எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. அவர் மனைவி சொன்னார்: “நீங்கதானுங்க சார் புரதம் ஆகாதுன்னீங்க. அன்னைக்கே முட்டையை நிறுத்திட்டோம்.” நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு முட்டை சாப்பிடாமல் ஒரு மனிதர் இளைத்திருக்கிறார், என் வாயால். அன்றிலிருந்து நோயாளிகளிடம் ‘புரதம்’ என்ற சொல்லை எடுப்பதில்லை. ‘தூது’ என்கிறேன். “உடம்புக்குள்ள தூது போறது நிக்கல” என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

அவர் இளைத்ததில் முட்டைக்கு மட்டும் பங்கில்லை என்பதுதான் இதில் சோகம். இந்த நோய் முற்றியவர்களின் தோள்பட்டைச் சதை கரைந்து, காறை எலும்புக்கு மேலே குழி விழுவதைப் பார்க்கலாம். நுரையீரலில் பிறந்த தூது ரத்தத்தில் கசிந்து சதை வரை போவது அதற்கு ஒரு காரணம். டி.என்.எஃப். என்ற புரதத்தைக் கட்டியைக் கரைப்பது என்று ஒரு குழுவும், உடலை உருக்குவது என்று இன்னொரு குழுவும் தனித்தனியாகத் துரத்திக்கொண்டிருந்தன. இரண்டும் ஒன்றேதான் என்று 1985-ல் தெரிந்தது. அப்படியானால் அதை அடைத்துவிட்டால் போயிற்று என்று யாருக்கும் தோன்றும். அடைக்கும் மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாப்பை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-ல் வந்தது. பலன் இல்லை. அதற்கு முன்பே, 2001-ல், மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் அதே மருந்தை எடுத்தவர்களில் பலருக்கு உறங்கிக் கிடந்த காசநோய் எழுந்துவிட்டது தெரியவந்திருந்தது. நுரையீரலுக்குள் காசக் கிருமியைச் சுவர் கட்டி அடைத்து வைத்திருந்தது அந்த டி.என்.எஃப்.தான். என் கிளினிக் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களில், பழைய காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிபவர்கள் தினமும் உண்டு. காவல்காரன் குறட்டை விடுகிறான் என்று அவனைக் கொன்றுவிட முடியாது என்பதை இந்த ஊரில் வைத்தியம் பார்ப்பவன் மறக்கக் கூடாது.

இன்னொரு தவறுக்கு இதைவிட வயது அதிகம். கிளினிக் தொடங்கிய மூன்றாம் வருடம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பனிக்காலத்தில் மூச்சுத் திணறலோடு வந்தார். பழைய சிகரெட்காரர். பார்த்த மாத்திரத்தில் ஆன்டிபயாட்டிக் எழுதினேன். பதினைந்து நாளில் மறுபடி வந்தார்; வேறொரு ஆன்டிபயாட்டிக். மூன்றாம் முறை கட்டிலில் ஏற்றி உட்காரவைத்தபோது அவர் சாக்ஸைக் கழற்றினார். கணுக்காலில் சாக்ஸின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது. நீர் கோத்திருந்தது காலில், அடிபட்டிருந்தது இதயம். இதய மருந்து கொடுத்த பின் அவர் மூச்சு தணிந்தது. அன்று அவர் மனைவி சொன்ன ஒரு வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: “சளி எப்பவும் வெள்ளையாத்தான் சார் வந்துச்சு, நீங்க கேக்கவே இல்லியே.” மறுநாள் வாங்கி வைத்ததுதான் இந்தப் பேப்பர் கப் அடுக்கு.

இப்போது கப்போடு சி.ஆர்.பி. பரிசோதனையும் துணைக்கு இருக்கிறது. நியூமோனியாக் கிருமியின் மேலோட்டுச் சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதம், நோயாளிகளின் ரத்தத்தில் இருப்பதை 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட்டும் ஃபிரான்சிஸும் கண்டார்கள். இன்டர்லூகின்-6 என்ற தூது கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் சுரக்கும் பதில்தான் அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 650 நோயாளிகளை வைத்து நடந்து 2019-ல் வெளிவந்த ஆய்வில், சி.ஆர்.பி. பார்த்து முடிவெடுக்கப்பட்டவர்களில் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்கள் 57 சதவீதம். பார்க்காதவர்களில் 77 சதவீதம். குறைத்துக் கொடுத்ததால் நோயாளிகளுக்குக் கெடுதல் எதுவும் நேரவில்லை. சி.ஆர்.பி. 20-க்குக் கீழே, சளியும் வெள்ளை என்றால், ஆன்டிபயாட்டிக் எழுதும் கையை நான் இழுத்துக்கொள்கிறேன். பிறகு காலைப் பார்க்கிறேன்.

நியூட்ரோபில்லைப் பற்றியே பேசினால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்குத் தெரிந்த அணு வேறு. “எனக்கு ஈஸ்னோபீலியா இருக்குங்க” என்று சொல்லிக்கொண்டுதான் பாதிப் பேர் உள்ளே வருவார்கள். இளைப்பு என்றாலே அதுதான் பெயர். இந்தப் பெயர் நம் வீடுகளுக்குள் வந்ததற்குக் காரணம் உண்டு. மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் இருந்த ஃபிரிமோட்-மோலரும் பார்ட்டனும், காசநோய் போலவே தோன்றி ஆனால் ஈசினோபில் என்ற வெள்ளணு எகிறி நிற்கும் ஒரு நோயை 1940-ல் எழுதிவைத்தார்கள். யானைக்கால் புழுவின் மீது உடம்பு காட்டும் அதீதக் கோபம் அது என்று பின்னால் தெரிந்தது. டைஎத்தில்கார்பமசின் மாத்திரையில் அடங்கிவிடும்.

அந்த நோய் இப்போது அரிதாகிவிட்டாலும் அணுவை விட்டுவிட முடியாது. ஈசினோபில்லைக் கூப்பிடுவது இன்டர்லூகின்-5. இன்டர்லூகின்-4-ம் 13-ம் அதன் சேக்காளிகள். இந்தத் தூது ஓடுபவர்களுக்கு இன்ஹேலரில் ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும். இன்டர்லூகின்-8 மட்டுமே ஓடுபவர்களுக்கு அவ்வளவாகக் கேட்காது. போதாததற்கு நியூமோனியா வரும் வாய்ப்பையும் ஸ்டீராய்டு கூட்டும். லேப் ரிப்போர்ட்டில் சதவீதம் மட்டும்தான் இருக்கும். பேனாவை எடுத்து ஓரத்தில் பெருக்கிப் போடுவேன். மொத்த வெள்ளணு 8,200, ஈசினோபில் 5 சதவீதம் என்றால் 410. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருக்கும், ஆனால் 300-க்கு மேல் போனால் ஸ்டீராய்டு இன்ஹேலர் பலன் தரும் என்பது உலக வழிகாட்டி. மொத்தம் 6,000, ஈசினோபில் 1 சதவீதம் என்றால் 60, ஸ்டீராய்டு வீண். ஆனால் வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்குக் குடல்புழுவாலும் இந்த எண் ஏறும். அதனால் புழு மாத்திரை கொடுத்து ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணாமல் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. 300-க்கு மேல் உள்ளவர்களுக்கு இன்டர்லூகின்-4, 13 என்ற இரண்டு தூதையும் ஒருசேர மறிக்கும் டுபிலுமாப் ஊசி, நோய் முற்றி எழும் தடவைகளை 30 சதவீதம் குறைத்தது என்று 2023-ல் ஆய்வு வந்தது. 2024-ல் அமெரிக்கா அனுமதித்தது. விலையைக் கேட்டால் ஆத்தூரில் யாரும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள். ஆனாலும் எனக்கு அதில் ஒரு திருப்தி உண்டு. யார் கூப்பிட்டது என்று கேட்டுவிட்டுக் கொடுக்கும் மருந்துதான் கேட்கிறது என்பதை அந்த ஆய்வு காட்டிவிட்டது.

அந்தக் கேள்வியைக் கேட்காத வைத்தியமும் ஊரில் நடக்கிறது. டெரிபிலின் மருந்தும் டெக்சா என்ற ஸ்டீராய்டும் கலந்து ஒரே ஊசி. ஆஸ்துமாவோ, பீடி நெஞ்சோ, இதயமோ, எல்லாவற்றுக்கும் அதுதான். போட்ட அன்றைக்குச் சொர்க்கம். வருடக்கணக்கில் போட்டுக்கொண்டவர்கள் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, தோல் காகிதமாகி வருவார்கள்.

மஞ்சள் விளையும் ஊர் என்பதால் கேள்வி ஒன்று நிச்சயம் வரும்: “மஞ்சப் பால் குடிச்சா நெஞ்சுக்கு நல்லதுங்களா சார்?” ஆய்வகத் தட்டில் குர்குமின் அந்த என்.எஃப். கப்பா-பி சுவிட்சைத் தணிக்கிறது என்பது உண்மை. ஆனால் குடித்தால் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. “குடிங்க, தொண்டைக்கு இதமா இருக்கும். ஆனா இன்ஹேலரை நிறுத்தாதீங்க” என்பேன். மஞ்சள் வேகவைத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட ஆயா இதைக் கேட்டு, “வேகவெச்ச எனக்கே குடுக்கலியே சாமி அது” என்று சிரித்தார்.

அவருக்கு நான் கொடுத்தது பெரிய மருந்தொன்றும் இல்லை. ஸ்பேசர் வைத்து இன்ஹேலரை இழுக்கக் கற்றுக்கொடுத்தது, ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி, தினமும் கொஞ்சம் நடை, இரண்டு முட்டை, கொப்பரைப் பக்கம் போகவே கூடாது என்ற கண்டிப்பு. கூடவே ஒரு அடுக்குப் பேப்பர் கப். காலையில் துப்பி வாசல் வெயிலில் பார்க்கச் சொன்னேன்.

போன கார்த்திகையில் ராத்திரி எட்டு மணிக்கு போன். பேத்திதான் போட்டுக் கொடுத்தாளாம்.

“சாமி, ரெண்டு நாளா இளைப்பு கொஞ்சம் கூட. சளி வெள்ளையாத்தான் இருக்கு, பச்சை இல்ல. காச்சலும் இல்ல. காலு வீங்கல, அமுக்கிப் பாத்துட்டேன்.”

நான் கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. இன்ஹேலரை எத்தனை முறை கூட்ட வேண்டும் என்று சொன்னேன். இளைப்பு குறையாவிட்டாலும், சளி நிறம் மாறினாலும் காத்திருக்காமல் வரச் சொன்னேன். மறுநாள் காலை நானே போன் போட்டேன்.

“கப்புல பாத்துட்டேன் சாமி. வெள்ளைதான்” என்றார்.